சிறையில் ஒருத்தி அதிகம்

அத்தியாயம் 6

சிறையிலிருந்து ஒரு ஆள் தப்பிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. மணி அடிக்க வேண்டும், வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் விரட்ட வேண்டும். ஆனால் ஒரு ஆள் கூடிவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் பெனிட்டா அன்று காலை பத்து மணிக்குத் தன் அக்காள் புருஷனுக்குப் போன் போட்டாள்.

அக்காள் புருஷன் அருளப்பன், உத்தமபாளையத்தில் திராட்சைக்கு மருந்து விற்கும் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். சொந்த ஊர் ராயப்பன்பட்டி. எந்த வழக்கிலும் முதலில் ஒரு தப்பான முடிவுக்கு வந்து, அதை ஊரறிய நம்பி, பிறகு மெதுவாகச் சரியான முடிவுக்கு வருவது அவர் பாணி. நிலையத்தின் மொத்த ஊழியர் ஒரே ஒருத்தி, தேவாரத்து மாரீஸ்வரி. வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, டீ வாங்கி வருவது, முதலாளி தப்பாக யோசிக்கும்போது அதை முகத்துக்கு நேரே சொல்வது என்று அவளுக்கு நாலு வேலை. நாலாவது வேலைதான் நாள் முழுக்க இருக்கும்.

பெனிட்டா பெண்கள் கிளைச் சிறையில் உதவிச் சிறை அலுவலர். ஊர்ப் பெயர் எதற்கு, வம்பு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே மஞ்சள் மதில், வாசலில் ஒரு புங்கமரம், அடியில் சிமெண்டு பெஞ்சு, அவ்வளவு தெரிந்தால் போதும். அவள் அங்கே பொறுப்பேற்று நாலே நாள் ஆகிறது. பதினேழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தாள்.

"தப்பா எண்ணியிருப்ப," என்றார் அருளப்பன், ஸ்கூட்டரிலிருந்து இறங்கியும் இறங்காமலும்.

"மூணு தடவ எண்ணிட்டேன் அத்தான். ரெண்டாவது தடவ கடைசியில இருந்து எண்ணுனேன்."

"கடைசியில இருந்து எண்ணுனா கொறையும்னு நெனச்சீகளா மேடம்?" என்றாள் மாரீஸ்வரி.

பெனிட்டா சிரிக்கும் நிலையில் இல்லை. மாலை நாலு மணிக்கு மதுரையிலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். வந்தவர் முதலில் கேட்கப் போவது தலைக்கணக்கைத்தான். ஒரு ஆள் குறைந்தால் சஸ்பெண்டு. ஒன்று கூடினாலும் அதே சஸ்பெண்டுதான், கூடவே கேலியும். அந்தப் பதினெட்டாவது ஆள் யாரோ, அவள் மேல் அத்துமீறிச் சிறைக்குள் நுழைந்ததாகப் புது வழக்கு வேறு பாயும். எனவே நாலு மணிக்குள் அவள் யாரென்று தெரிந்தாக வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மிச்சம் நிற்கிறவள்தானே அவள் என்று அருளப்பன் நியாயமாகக் கேட்டார். பெனிட்டா அதைச் செய்வதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்து கெடுத்திருந்தாள். எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, "பட்டியல்ல பேரு இல்லாம இங்கன இருக்குறது யாரோ, அவுக பயப்படாம கையத் தூக்குங்க. கேசு கீசு ஒண்ணும் போடாம இப்பவே வீட்டுக்கு அனுப்பிருறேன்," என்று சொல்லிவிட்டாள்.

பதினெட்டுக் கைகள் தூக்கப்பட்டன. ஒருத்தி இரண்டு கையையும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் குரல் இல்லை. பேச்சியம்மாள் யார் என்றால், அவுக போன வாரமே போயிட்டாகளே மேடம் என்றார்கள். எல்லோருக்கும் பட்டியலில் இல்லாத ஒருத்தியாக இருக்கத்தான் ஆசை. யாருக்குத்தான் இருக்காது? போட்டோக்கள் இருந்த கம்ப்யூட்டர் பழுதாகி மதுரைக்குப் போயிருந்தது. பதிவேட்டில் அங்க அடையாளம் என்ற கட்டத்தில், எழுதிய புண்ணியவான் பதினேழு பேருக்கும் இடது முழங்கையில் ஒரு மச்சம் வைத்திருந்தார். கைரேகைகளைப் பார்த்தால் ஊறுகாய் தின்ற கையைத் துடைத்த மாதிரி இருந்தது. முகம் தெரிந்த பழைய வார்டரம்மா பிரசவ லீவில் போய்ப் பத்து நாள் ஆகிறது. அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருத்தி எங்கிருந்தோ டூட்டிக்கு வந்து, கரும்பலகையில் இருந்த பதினேழைப் பார்த்துப் பதினேழு என்று நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து எண்ணிய முதல் ஆள் பெனிட்டாதான், அதுவும் ஆய்வு வருகிறது என்பதால்.

"சரி, உள்ள போயி ஒரு பார்வ பாத்தாத் தெரிஞ்சிரும்," என்று அருளப்பன் சட்டைக் காலரைச் சரி செய்தார்.

இரண்டாவது கதவுக்கு அப்பால் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்றாள் பெனிட்டா. அவருடைய திறமை போதாதென்று சொன்ன மாதிரி அவருக்கு வலித்தது. மாரீஸ்வரிக்கோ அன்றைய நாள் திடீரென்று பிரகாசமாகிவிட்டது.

"நீங்க மரத்தடியில ஒக்காந்து மூளைய மட்டும் அனுப்புங்க சார். ஒடம்பு நான் கொண்டு போறேன்," என்றாள்.

வாசல் காவலம்மா கண்டிப்பின் மறுபிறவி. மாரீஸ்வரியின் போன், பேனா, தலைக் கிளிப் மூன்றையும் வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு தோளில் துப்பட்டாவைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றச் சொன்னாள். ஊக்கும் ஆயுதம்தானாம். இதை வைத்து யாரைக் கொல்வது என்று மாரீஸ்வரி கேட்டாள். எட்டு வருஷ சர்வீஸில் ஒரு ஊக்கைக்கூட உள்ளே விட்டதில்லை என்று காவலம்மா பெருமையாகச் சொல்லி, அதை ஒரு டம்ளரில் போட்டு மூடினாள். மாரீஸ்வரி வழுக்கும் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அருளப்பனின் முதல் முடிவு தயாராக இருந்தது. யாரோ வெளியிலிருந்து புகுந்திருக்கிறாள், கோர்ட்டுக்குப் போன வேனில் மூன்று பேர் போய் நாலு பேராகத் திரும்பியிருப்பார்கள். புதிதாக வந்தவளுக்குத்தான் வெளி நிலவரம் தெரியும், ஆகவே நிலவரம் கேள் என்று மூன்று கேள்விகள் கொடுத்தனுப்பியிருந்தார்.

உள்ளே ஒரு நீளமான ஹால், ஒரு குழாய், ஒரு வேப்பமரம், அதற்கும் மேலே துண்டு வானம். பதினெட்டுப் பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து புது முகத்தை ஆவலோடு பார்த்தார்கள். இன்ன வழக்கு என்று ஒட்டி வைத்த முகம் எதுவும் இல்லை. தீப்பெட்டி கேட்டு வரும் பக்கத்து வீட்டு முகங்கள்தான். மாரீஸ்வரி நிலவரம் கேட்டாள். சுருளி அருவியில் தண்ணீர் விழுகிறது, ஆனால் குளிக்க விடவில்லை என்றாள் ஒருத்தி. பன்னீர் திராட்சை விலை போன வாரத்தைவிட இறங்கிவிட்டது என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள், தேவாரத்தில் மாரீஸ்வரியின் தெரு எது என்று கேட்டுவிட்டு, நாளைக்கு அங்கே காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது, மாவை இன்றைக்கே ஆட்டி வைத்துவிடு என்று அக்கறையாகச் சொன்னாள்.

பதிலுக்கு அவர்களும் நிலவரம் சொன்னார்கள். மாதத்துக்கு ஆறு நாப்கின், ஏழாவது வேண்டுமென்றால் சோப்பைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஆம்பளைங்க ஜெயிலில் மனு நாளன்று, அதாவது வீட்டு ஆட்கள் மனுப் போட்டுப் பார்க்க வரும் நாளன்று, பொண்டாட்டிமார் தூக்குவாளியோடு கியூவில் நிற்பார்களாம், இங்கே மனு நாளன்று காக்காய்தான் வரும். பதினெட்டுப் பேரில் புருஷன் வந்து பார்த்தது இரண்டே பேரை. அந்த இரண்டு பேரில் ஒருத்தியின் புருஷன் அரிசி டப்பாவின் சாவி எங்கே என்று கேட்க வந்தானாம். அதைச் சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். மாரீஸ்வரியும் சிரித்தாள்.

அவள் தோல்வியோடு வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் அருளப்பனுக்குத் துணை கிடைத்திருந்தது. மலையடிவாரத்து ஸ்டேஷன் ஏட்டு நல்லகண்ணு, தொப்பியை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். ஆண் என்பதால் அவருக்கும் அதே பெஞ்சுதான்.

"நிலவரம் கேக்கப் போனேன் சார். எங்க தெருவு நிலவரத்த எனக்குச் சொல்லி அனுப்பிட்டாக," என்றாள் மாரீஸ்வரி.

அருளப்பன் அதைக் கேட்காத மாதிரி ஏட்டையாவின் கதைக்குத் திரும்பினார். நல்லகண்ணு ஒரு தலைமறைவுக் கைதியைத் தேடி வந்திருந்தார். சுருளிப்பட்டிப் பக்கத்து ஜக்கம்மா, ஏலத்தோட்டக் கூலி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரன் அவள் இடுப்பில் கை வைத்திருக்கிறான். அவள் கையில் அந்த நேரம் ஒரு பலாப்பழம் இருந்திருக்கிறது. ஜீப்புக்காரன் தலையில் பதினோரு தையல், ஜக்கம்மா மேல் கொலை முயற்சி வழக்கு, ஆயுதம் பலாப்பழம், எடை பதினாறு கிலோ.

"அந்தப் பழம் இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

சாட்சிப் பொருள் ரொம்பப் பழுத்துவிட்டதால் பாதுகாக்க முடியவில்லை என்று ஏட்டையா வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

கோர்ட்டு ஜாமீன் கொடுத்தும், ஜாமீன் போட ஆள் கிடைக்காமல் ஜக்கம்மா மூன்று மாதம் உள்ளேயே இருந்திருக்கிறாள். கடைசியில் அவளுடைய அண்ணன் காகிதங்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார். பதினோரு நாளைக்கு முன்னால் விடுதலை. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அவள் ஒரு நாள்கூட வரவில்லை. விடுதலைக்கு மறுநாள் காலை அண்ணன் கூட்டிப்போக இந்த வாசலுக்கு வந்தபோது, நேற்றே போயாச்சு என்று ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆள் மாயம். நாளைக் காலை கோர்ட்டில் ஜாமீனை ரத்து செய்யப் போகிறார்கள். ரத்தானால் வழக்கு முடியும் வரை வெளியே வர முடியாது, அது ஒரு வருஷமோ மூன்று வருஷமோ. கூட இருந்த பெண்களிடம் எங்கே போவதாகச் சொன்னாள் என்று விசாரிக்கத்தான் ஏட்டையா வந்திருந்தார்.

"ராயப்பன்பட்டி ஹாஸ்டல்ல அவ மக ஏழாவது படிக்குது, நாகஜோதின்னு பேரு," என்றார் நல்லகண்ணு. "அங்கயும் போயிக் கேட்டுட்டேன். எங்கம்மா ஓடிப்போச்சான்னு அந்தப் புள்ள என்னையத் திருப்பிக் கேக்குது. அன்னையிலருந்து சரியாச் சாப்புடலையாம். எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு சார்."

அருளப்பன் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, தன் இரண்டாவது யோசனையைச் சொன்னார். சாப்பாட்டு நேரம் ஆகிறது. பழக்கப்பட்டவர்கள் மணிச் சத்தம் கேட்டதும் தானாக எழுந்து போவார்கள், புதியவள் முழிப்பாள். போய் முழியைப் பார்த்துவிட்டு வா.

மாரீஸ்வரி மறுபடியும் பல்லில் துப்பட்டாவோடு உள்ளே போனாள். மணி அடித்தது. யாரும் முழிக்கவில்லை. பதினெட்டுப் பேரும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். நசுங்கிய அலுமினியத் தட்டுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் கல்லால் கீறிய ஓர் அடையாளம். ஒன்றில் பூ, ஒன்றில் சிலுவை, ஒன்றில் மாங்காய். சாம்பாரில் பருப்பு தலைமறைவாக இருந்தது. குனிந்து பார்க்கப்போன மாரீஸ்வரியின் துப்பட்டா நழுவி அந்தச் சாம்பாருக்குள்ளேயே விழப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த பெண் அதைக் கப்பென்று பிடித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அதுவரை எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாதவள். சேலை முடிச்சிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, மாரீஸ்வரியின் தோளில் துப்பட்டாவைப் பாந்தமாகக் குத்திவிட்டாள்.

"மானத்தோட போ ஆத்தா," என்றாள்.

மாரீஸ்வரி வெளியே வந்து பெஞ்சுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சார், வெளிய இருந்து எவளும் உள்ள வரல."

"எப்படிச் சொல்ற?"

"நம்ம வீட்டுக்கு நாலு பேரு திடீர்னு வந்தாத் தட்டுக்கு எங்கன போறோம்? அடுத்த வீட்டுக்கு ஓடுறோம்ல. இங்கன பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டுத் தட்டு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் மாசக்கணக்கா உக்காந்து கீறுன அடையாளம் இருக்கு. பாயும் பதினெட்டு. வேன்ல ஏறி வந்தவளுக்கு ஆரு சார் தட்டு குடுத்தாக?"

அருளப்பன் அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சார் இது வயசான காலத்தில் என்று மாரீஸ்வரி கேட்க வாயெடுத்தாள். அவர் எழுந்து நேராக வாசல் மேசைக்குப் போய், டம்ளரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"உன் ஊக்கு அந்தா டம்ளர்லயே கெடக்கு. அப்ப இது யாரோட ஊக்கு?"

மாரீஸ்வரி தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு இருந்தது. உள்ளே ஒரு அக்கா கொடுத்தது என்றாள். சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அங்கே பாதிப் பேர் ரவிக்கையில் கொக்கி அறுந்து போயிருந்தது, அந்த இடத்தில் ஊக்குகள் மின்னின. பார்த்தது அவள்தான், ஆனால் ஊக்கு என்பது பெண்கள் கண்ணில் பட்டும் படாமல் போகிற சாமான்.

எட்டு வருஷமாக ஒரு ஊக்கையும் உள்ளே விடாத வாசல் காவலம்மா, தன் நேர்மைக்கு வந்த சோதனையாக நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டாள். அருளப்பன் அவளைத் தேற்றினார். "நீங்க விடலம்மா. நீங்க இருக்குற வரைக்கும் வெளிய இருந்து ஊக்கு உள்ள போகாது. ஆனா ஊக்கு ஏற்கெனவே உள்ளதான் இருக்கு. கைதிகளோட சொந்தச் சாமானெல்லாம் மூட்ட கட்டி ஸ்டோர்ல வச்சிருக்கீகள்ல. அது எப்பக் கையில குடுப்பீக?"

"விடுதலையாகிப் போகும்போதுதான் அத்தான்," என்றாள் பெனிட்டா.

"அந்த ரிஜிஸ்டரக் கொண்டா."

கொண்டு வந்தாள். கடைசியாக விடுதலை ஆனவளின் பக்கம். சேலை ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, தாலிக் கயிற்றில் கோத்த ஊக்கு பன்னிரண்டு, எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கோணல் கையெழுத்து. பதினோரு நாளைக்கு முந்தைய தேதி. பெயர் ஜக்கம்மா.

நல்லகண்ணுவின் மடியிலிருந்து தொப்பி விழுந்தது.

"அதிகமா ஒருத்தி உள்ள வரல பெனிட்டா," என்றார் அருளப்பன். "போக வேண்டியவ போகல. உன் பட்டியல்ல அவ பேரு இல்லாததுக்குக் காரணம், அவளுக்கு இங்கன இருக்க வேண்டிய அவசியமே இல்ல."

பெனிட்டா பரபரவென்று எழுந்து, ஜக்கம்மா யார் என்று கேட்க உள்ளே ஓடப்போனாள். மாரீஸ்வரி குறுக்கே கையை நீட்டினாள். "மேடம், தயவுசெஞ்சு வாயத் தெறக்காதீக. அப்புறம் பதினெட்டு ஜக்கம்மா வருவாக. ஊக்கு குடுத்த அக்காவ நான் கூட்டியாறேன்."

ஜக்கம்மா வந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்த அலுவலக அறையில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அங்கே நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, ஏட்டையா உட்பட எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜாமீன் காகிதம் வந்தபோது சாயங்காலம் ஆறு. பழைய வார்டரம்மா தங்கமான மனுஷி. சாமான்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, பதினெட்டை அழித்துப் பலகையில் பதினேழு என்று எழுதிய பிறகு மணியைப் பார்த்தாள். கடைசி பஸ் போயிருந்தது. கூட்டிப்போக ஆளும் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண்ணைத் தனியாக ரோட்டில் விடுவது அந்தச் சிறையில் வழக்கமே இல்லை. விதியில் அப்படி இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. தட்டையும் பாயையும் திருப்பிக் கொடுத்து, படுத்திருந்துவிட்டுக் காலையில் போ என்று சொல்லியிருக்கிறாள். விடியும்போது வார்டரம்மாவுக்கு இருபது நாள் முன்னதாகவே வலி எடுத்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சாவி புது ஆள் கைக்கு வந்தது.

"நீ சொல்ல வேண்டியதுதானத்தா, எனக்கு விடுதலையாகிருச்சுன்னு," என்றார் நல்லகண்ணு.

"மறுநாளே சொன்னேன் சார். எல்லாரும் இதத்தான் சொல்றீக, போயி வரிசையில நில்லுன்னாக. அடுத்து வந்தவுககிட்டயும் சொன்னேன்." ஜக்கம்மா பெனிட்டாவைப் பார்த்தாள். "ஒங்ககிட்டயும் சொன்னேன் மேடம், நீங்க வந்த அன்னைக்கு. நான் இங்கன இருக்க வேண்டியவ இல்லன்னேன். இன்னைக்குக் காலையிலயும் மொத ஆளாக் கையத் தூக்குனேன்."

பெனிட்டாவுக்கு நினைவிருந்தது. வந்த அன்று ஏழெட்டுப் பேர் அதையே சொன்னார்கள். அவள் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை நினைத்து இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாரீஸ்வரிக்கு அந்த நிமிஷம் ஒரு குறுக்கு யோசனை தோன்றியது, அதை அவள் மறைக்கவும் இல்லை. ஜக்கம்மாவை இப்படியே வாசலுக்கு வெளியே விட்டுவிட்டால் போதும். ஏட்டையா பிடித்துக்கொள்வார், பலகையில் பதினேழு, உள்ளே பதினேழு, நாலு மணி ஆய்வு இனிதே நடக்கும். பெனிட்டாவின் வேலை அப்படியே இருக்கும். ஜக்கம்மா மட்டும் பதினோரு நாள் தலைமறைவாக இருந்தவளாகத் திரும்ப உள்ளே வருவாள். இந்தக் கணக்கு பெனிட்டாவின் மனதிலும் ஓடியது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் புதுசாகக் கட்டிய வீட்டுக்கு இன்னும் பதினாலு வருஷம் தவணை இருக்கிறது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. ஜக்கம்மா என்பவர் எங்கும் தலைமறைவாகவில்லை, விடுதலை ஆன நாளிலிருந்து இன்று மதியம் வரை எங்கள் பூட்டுக்குள்தான் இருந்தார், தவறு முழுக்க எங்களுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, சீல் சரியாக விழாததால் இன்னொரு முறையும் வைத்தாள்.

"வேல போச்சுன்னா ஒங்க ஆபீஸ்ல எடம் இருக்கா அத்தான்?"

"டீ வாங்குற வேல இருக்கு," என்றார் அருளப்பன். சொல்லிவிட்டு மச்சினியின் தலையில் கை வைத்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை.

"அது என் வேல சார். மேடத்துக்கு வேற குடுங்க," என்றாள் மாரீஸ்வரி.

நல்லகண்ணு மரத்தடிக்குப் போய் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். தலைமறைவு ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றார். எங்கே என்று கேட்டார்கள். ஜெயில்ல சார் என்றார். பிடித்து அதற்குள் ஜெயிலிலும் போட்டுவிட்டாயா என்று எதிர்முனையில் பாராட்டினார்கள். போடவில்லை, ஜெயிலில் இருந்துதான் எடுத்தேன் என்று அவர் சொல்ல, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நாலாவது தடவை சொன்ன பிறகு, அந்தக் காகிதத்தையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். அது கோர்ட்டுக்குப் போனால் ஜாமீன் ரத்து மனு நிற்காது என்று ஏட்டையா அடித்துச் சொன்னார். இன்றைய கையெழுத்தை மட்டும் சாயங்காலத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஜக்கம்மா இரண்டு கதவுகளையும் தாண்டி மரத்தடிக்கு வந்து நின்றாள். மணி இரண்டரை. உள்ளே பதினேழு பேர் வேப்பமரத்தடியில் இருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. எதிர்த் தோப்பில் யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. மாரீஸ்வரி தன் போனை எடுத்து, ஏட்டையாவிடம் ஹாஸ்டல் நம்பரைக் கேட்டு வாங்கி, போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி அவள் கையில் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் யாரோ ஓடுகிற சத்தம். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"அம்மா," என்றது அந்தப் பக்கம். "எங்கம்மா இருந்த?"

ஜக்கம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயில்லதான் இருந்தேன் ஜோதி. அங்கனயேதான் இருந்தேன்."

"அப்ப நீ ஓடலையா?"

"இல்லடி. என்னைய விட மறந்துட்டாக."

அந்தப் பக்கம் சத்தம் அமுங்கியது. அழுகிறதோ என்று மாரீஸ்வரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அங்கே போனை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஹாஸ்டல் முழுக்கக் கேட்கும்படி நாகஜோதி கத்துவது கேட்டது.

"ஏய் எல்லாரும் கேளுங்க, எங்கம்மா ஓடல! எங்கம்மா ஜெயில்லதான் இருந்துச்சாம்!"